ஜன்னல் திட்டில் நின்ற அப்பா

பிப்ரவரி 9

சுண்டுவின் அப்பாவுக்கு,

நீங்கள் போய்ச் சேர்ந்துவிட்டீர்கள் என்று உங்கள் அறையில் இருக்கிற நெட்டை மேல் வீட்டு அக்காவுக்குப் போன் செய்து சொன்னார். நீங்கள் சொல்லவில்லை. கோபம் என்று தெரிகிறது. கோபமாக இருக்கிறவருக்குப் போன் போட்டால் இரண்டு பேரும் கத்துவோம், பட்டென்று வைப்போம், பிறகு நாள் பூராவும் வயிறு எரியும். அதனால் எழுதுகிறேன். இன்னொரு காரணமும் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் பேப்பரை எடுத்தேன். எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் சுற்றிச் சுற்றி வருகிறேன்.

போனை அணைத்து மேல் வீட்டு அக்காவிடம் கொடுத்துவிட்டேன். அவர் பீரோவில் இருக்கிறது. இனிமேல் சுண்டு போனைப் பார்க்கக் கூடாதாம். உங்களையும்.

முழுக்கப் படியுங்கள். பாதியில் கசக்கிப் போட்டுவிடாதீர்கள்.

நீங்கள் வந்து இறங்கின அன்று தரையில் உட்கார்ந்து, "சுண்டு, அப்பா வந்துட்டேன்டா, வாடா" என்று கையை நீட்டினீர்கள். அவள் நடந்து வந்து உங்கள் ஆள்காட்டி விரலைப் பிடித்தாள். உங்கள் முகம் எப்படி மலர்ந்தது என்று நான் அடுப்படியில் இருந்து பார்த்தேன். அவள் உங்களை இழுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனாள். திட்டில் இருந்த போனின் மேல் உங்கள் விரலை வைத்து அழுத்தினாள். அப்பாவைத் திறந்துவிடச் சொல்லி அப்பாவிடமே கேட்டாள்.

அதற்குப் பிறகு நீங்கள் இருந்த நாளெல்லாம் அதே கதைதான். பந்து வாங்கி வந்தீர்கள், பார்க்கவில்லை. தோளில் தூக்கினீர்கள், உடம்பை வில்லாக வளைத்துக் கத்தினாள். கடைசியில் நீங்கள் தெருமுனைக்குப் போய் நின்று அங்கிருந்து போன் போட்டீர்கள். திட்டில் உங்கள் முகம் வந்ததும் இவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்துவிட்டு வந்துதான் நீங்கள் பெட்டி கட்டத் தொடங்கினீர்கள். இன்னும் லீவு இருந்தது. தூங்குகிற பிள்ளைக்கு ஒரு முத்தம்கூடக் கொடுக்காமல் போனீர்கள்.

மூன்று வயது முடியப் போகிறது, ஒரு வார்த்தை வரவில்லை, பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை. "பேசாத பிள்ளைங்க பிறகு வாய் ஓயாம பேசும்" என்று எல்லோரும் சொன்னதை நம்பிக்கொண்டு இருந்துவிட்டோம். நீங்கள் போன பிறகு பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனேன். முதலில் காது பார்த்தார்கள். காதில் குறை இல்லை. பிறகு குழந்தைகள் டாக்டர் கேட்டார்.

"வீட்ல டிவி, போன் எவ்வளவு நேரம் பார்ப்பா?"

நான் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். "எங்க வீட்ல டிவியே கிடையாது டாக்டர். போன்ல பாட்டு, பொம்மைப் படம் எதுவும் போட மாட்டேன். அவ அவங்க அப்பாவ மட்டும்தான் பார்ப்பா."

"எவ்வளவு நேரம்?"

"காலையில இருந்து. அவர் வேலை முடியற வரைக்கும்."

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை. "தூரத்துல இருக்கற அப்பாவோட போன்ல பேசறது தப்பில்லம்மா. ஆனா பேசணும். பிள்ளை ஒண்ணு பண்ணணும், எதிர்ல இருக்கறவங்க அதுக்குத் திருப்பி ஒண்ணு பண்ணணும். பந்து மாதிரி போகணும், வரணும். உங்க பாப்பா கண்ணாடிக்கு முன்னாடி சும்மா உட்கார்ந்திருக்கா. பந்து திரும்பி வரவே இல்ல" என்றார். கொஞ்ச நாள் எந்தத் திரையும் வேண்டாம், பேச்சுப் பயிற்சிக்குக் கூட்டி வா என்றார். போன் மட்டும்தான் காரணம் என்று இப்போது சொல்ல முடியாதாம். பிறவியிலேயே வேறு ஏதாவது இருக்கலாமாம். போகப் போகத்தான் தெரியுமாம்.

பஸ்ஸில் வரும்போது, போனாகவே இருக்கட்டும் என்று எல்லா சாமியையும் கும்பிட்டுக்கொண்டு வந்தேன். போன் என்றால் அணைக்கலாம். பிறவி என்றால் எதை அணைப்பது?

நீங்கள் போன் போட வேண்டாம். மாடியில் போன் மணி அடித்தால்கூட இவள் போனைத் தேடுவாள் என்று பயமாக இருக்கிறது. எழுதுங்கள். நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

சுண்டுவின் அம்மா


பிப்ரவரி 24

சுண்டுவின் அம்மாவுக்கு,

உன் கடிதம் வந்தது. அறையில் எல்லோரும் கூடிவிட்டார்கள். "இந்தக் காலத்துல கடிதாசியா? கோர்ட்டு நோட்டீஸாடா?" என்றான் நெட்டை. படித்துவிட்டு, கிட்டத்தட்ட அதுதான் என்றேன்.

என்னை அணைத்துப் பீரோவில் வைத்துவிட்டாய். சந்தோஷம்.

அந்தப் போனில் இருந்தது படமா? நான். ஆறு மாதக் குழந்தையை விட்டுவிட்டு வந்தவன் நான். இந்த ஹோட்டலின் அடித்தளத்தில் வெயில் என்பதே கிடையாது. காலையில் இறங்கினால் நீராவியும் ஈரத்துணியும்தான். சூடான உருளை மெஷின் படுக்கை விரிப்பை விழுங்கி இந்தப் பக்கம் துப்பும். நான் பிடித்து மடிக்க வேண்டும், அடுத்தது வந்துவிடும். இரண்டு கையும் எனக்குச் சொந்தமில்லை. எதிர் அலமாரியில் சோப்பு டப்பாவில் சாய்த்து வைத்த போனில் என் பிள்ளை உட்கார்ந்திருந்தாள் என்பதால்தான் இவ்வளவு நாள் இங்கே நின்றேன். மற்றவர்கள் சாப்பாட்டு நேரத்தில் வீட்டுக்கு ஐந்து நிமிடம் பேசுவார்கள், சீட்டாடப் போவார்கள். என்னைத்தான், "இவன் பிள்ளைய இங்க இருந்தே வளக்கறான்யா" என்பார்கள். சூப்பர்வைசர்கூடக் கண்டுகொள்ளாமல் விட்டார். எனக்கு எவ்வளவு பெருமை என்று உனக்குத் தெரியாது.

நீ தையல் மெஷின் மிதிக்க வசதியாக இருந்தபோது நான் அப்பா. டாக்டர் வாயைத் திறந்ததும் நான் திரை. அப்படித்தானே?

அவள் என் விரலைப் பிடித்து இழுத்ததை நீ பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நீ பார்க்காத வரைக்கும் அது நடக்காத மாதிரி இருந்தது. அதையும் எழுதிவிட்டாய்.

இங்கே மூன்றாவது கட்டிலில் இருக்கிறவனின் பையன் நாள் பூராவும் போன்தான் பார்க்கிறான். கிளி மாதிரி பேசுகிறான். உன் டாக்டரிடம் கேள்.

பீரோவில் இருக்கிற போனில் அவள் தூங்கும்போது ஒரு போட்டோவாவது எடுத்து அனுப்பு. அதற்குக்கூட டாக்டரிடம் சீட்டு வாங்க வேண்டுமென்றால் வேண்டாம்.

நான்


மார்ச் 11

சுண்டுவின் அப்பாவுக்கு,

மேல் வீட்டு அக்கா போட்டோ அனுப்பியிருப்பார். நெற்றியில் இருக்கிற வீக்கத்தைக் கேட்பீர்கள். கட்டில் காலில் முட்டிக்கொண்டாள். தெரியாமல் இல்லை. வேண்டுமென்றே.

வசதி என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரே அறையில் மெஷினுக்கும் கட்டிலுக்கும் நடுவில் ஓர் ஆள் நிற்க இடமில்லை. பள்ளிச் சட்டைக் காலர்கள் மூட்டையாக வந்து இறங்கும். இவள் தவழ்ந்து வந்து, மெஷினைப் பிடித்து எழுந்து, ஊசிக்குக் கீழே கையை வைப்பாள். ஒரு தரம் நகத்துக்குப் பக்கத்தில் ஊசி இறங்கி, நல்லவேளை, துணியோடு போனது. அன்றைக்குத்தான் அவளைச் சின்ன நாற்காலியில் உட்கார வைத்து உங்களைத் திட்டில் நிறுத்தினேன். "நான் பார்த்துக்கறேன், நீ தைச்சு முடி" என்று நீங்கள்தான் சொன்னீர்கள். பிள்ளையை அப்பாவிடம் விட்டுவிட்டு வேலை செய்கிறேன் என்று நானும் தைரியமாக இருந்தேன். சாப்பாடு ஊட்டும்போதும் உங்களைப் பார்த்துக்கொண்டே வாயைத் திறப்பாள். எனக்குப் பேசவே வேலை இருக்கவில்லை.

போன் போன பிறகு நடந்ததை எழுதக் கை வரவில்லை. திட்டுக்கு முன்னால் போய் நிற்பாள். வெறும் திட்டைத் தட்டுவாள். அங்கே தண்ணீர்க் குடம்தான் இருக்கும். குடத்தைக் கவிழ்த்துவிட்டு அதன் பின்னால் தேடுவாள். பிறகு கத்தத் தொடங்கினால் தெருவே எட்டிப் பார்க்கும். "என்னம்மா, பிள்ளைய அடிக்கிறியா?" என்று கேட்டுவிட்டார்கள். சாப்பாட்டைத் துப்பினாள். நான் பீரோ சாவியைக் கேட்டு மாடிப்படி பாதி ஏறிவிட்டு இறங்கினேன். ஒரு நாள் இல்லை, பல நாள்.

இப்போது கத்துவது குறைந்திருக்கிறது. பகலில் மெஷினைத் தொடுவதில்லை, அவள் தூங்கின பிறகுதான். ஆஸ்பத்திரியில் பேச்சு டீச்சர் சின்னப் பெண். தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, "அம்மா, நீங்களும் கீழ உட்காருங்க, அவ கண்ணு உங்க கண்ணுக்கு நேரா வரணும். அவ எதைப் பார்க்கறாளோ அதைப் பத்திப் பேசுங்க. பேசிட்டு நிறுத்துங்க. அவ முறை. காத்திருங்க" என்கிறாள். நானும் உட்கார்ந்து, "பந்து. சிவப்புப் பந்து" என்கிறேன். காத்திருக்கிறேன். சுவரோடு பேசுகிற மாதிரிதான் இருக்கிறது.

சென்ற வாரம் ஒன்று நடந்தது. இவள் ஒரு துண்டை எடுத்து விரித்தாள். இரண்டாக மடித்தாள், நாலாக மடித்தாள், தட்டினாள். நீங்கள் மடிக்கிற மாதிரியே. டீச்சர், "அட, யார் கத்துக் கொடுத்தாங்க?" என்று குனிந்தாள். சுண்டு அவளை நிமிர்ந்து பார்த்து வாயைத் திறந்து மூடினாள், திறந்து மூடினாள். உதடு குவிகிறது, விரிகிறது. நாக்குகூட ஆடுகிறது. சத்தம் மட்டும் இல்லை. பெரிய மனுஷி மாதிரி தலையை ஆட்டி ஆட்டி, ஏதோ கதை சொல்கிற மாதிரி.

"இது என்னம்மா, சத்தமே இல்லாம பேசறா?" என்றாள் டீச்சர்.

எனக்குத் தெரிந்துவிட்டது. உங்கள் உருளை மெஷின் இரைச்சலில் கைக்குழந்தையாக இருந்தபோதே இவளுக்கு உடம்பு தூக்கிப் போடும் என்று நான் அப்போதிருந்தே போனில் சத்தத்தை அடைத்துத்தானே வைத்திருப்பேன். நீங்கள் பக்கத்தில் இருக்கிறவர்களோடு பேசிக்கொண்டே மடிப்பீர்கள். இவளுக்கு உங்கள் உதடுதான் தெரிந்தது. பேச்சு என்றால் அதுதான் என்று நினைத்துக்கொண்டாள் போல.

பேசக் கற்றுக்கொள்ளாத பிள்ளை என்று இருந்தோம். இவள் கற்றுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

அப்படித்தான் என்று தன்னால் சொல்ல முடியாது என்று டீச்சர் சொன்னாள். எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

சுண்டுவின் அம்மா


மார்ச் 27

பக்கத்தில் யாரும் இல்லை.

மெஷினுக்கு அந்தப் பக்கம் நிற்கிறவனுக்கு நம் மொழி தெரியாது. காதும் மந்தம். நான் யாரோடு பேசுவேன்?

அவளோடுதான் பேசிக்கொண்டிருந்தேன். காலையில் இருந்து, தொண்டை கட்டுகிற வரைக்கும், அந்த இரைச்சலுக்கு மேலே கத்திக் கத்தி. நீ சத்தத்தை அடைத்திருந்தது எனக்குத் தெரியாது. அவள் சிரிப்பாள். நான் சொன்னதற்குத்தான் சிரிக்கிறாள் என்று இருந்தேன். இன்னும் கொஞ்சம் சொல்லுவேன்.

நீ ஒரு தரம்கூடச் சொல்லவில்லையே.




ஏப்ரல் 10

சுண்டுவின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை மேல் வீட்டு அக்கா வாசலில் வந்து கொடுத்தார். நின்ற இடத்திலேயே படித்துவிட்டு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன். "யாருக்கு என்ன ஆச்சு?" என்றார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்றேன்.

எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. நீங்கள் என்னோடு பேசுவது வேலை முடிந்த பிறகு, அவள் தூங்கின பிறகு. அப்போது தொண்டை கரகரக்கும். "என்னங்க குரல் இப்படி இருக்கு?" என்று கேட்பேன். "நீராவி" என்பீர்கள். "வெந்நீர் குடிங்க" என்பேன். இப்படி எத்தனை தரம் பேசியிருக்கிறோம்.

உங்கள் பேச்சு கடலைத் தாண்டி இந்த அறை வரைக்கும் வந்திருக்கிறது. கடைசியில் என் கட்டைவிரல் அதை நிறுத்தியிருக்கிறது. இதை நினைத்துக்கொண்டு மெஷினில் உட்கார்ந்தால் காலர் கோணலாகப் போகிறது. பிரித்துப் பிரித்துத் தைக்கிறேன்.

மன்னிப்பு என்று எழுதினால் உங்களுக்குக் கோபம் வரும். அதனால் எழுதவில்லை. ஒன்று கேட்கிறேன். அவளிடம் என்ன சொன்னீர்கள்? எல்லாம் ஞாபகம் இருக்காது. ஞாபகம் இருக்கிறதை எழுதுங்கள். நீங்கள் சொன்ன மாதிரியே எழுதுங்கள், திருத்தாதீர்கள். நான் தரையில் உட்கார்ந்து அவள் கண்ணைப் பார்த்துச் சொல்கிறேன். பந்து, டம்ளர் என்று எனக்கும் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது.

சுண்டுவின் அம்மா


ஏப்ரல் 29

சுண்டுவின் அம்மாவுக்கு,

பதில் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். நெட்டை விடவில்லை. "எழுதுடா. இங்க வெச்சுக்கிட்டு நீ என்ன பண்ணப் போறே?" என்றான்.

அலமாரியில் இப்போது சோப்பு டப்பா மட்டும் இருக்கிறது. பழக்க தோஷத்தில் அதைப் பார்த்து இரண்டு நாள் பேசிவிட்டேன். எதிரில் இருக்கிறவன், காது கேட்காதவன், சிரித்தான்.

இதெல்லாம் சொல்லுவேன்:

சுண்டு, அப்பா பெரிய துணி எடுத்துட்டேன் பாரு. எவ்ளோ பெருசு! உன்னையும் அம்மாவையும் அப்பாவையும் சேர்த்து மூட்டை கட்டலாம். அப்பா மடிக்கறேன். ஒண்ணு. ரெண்டு. டப்பு டப்பு. முடிஞ்சுது. அடுத்தது வருது, வருது, வருது, வந்துடுச்சு!

இந்தத் துணியில யாரோ காப்பி கொட்டிட்டாங்க. ச்சீ, அழுக்குப் பய. உன் மாதிரியே. நீதானே கொட்டினே? பொய் சொல்லாதே, அப்பா பார்த்தேன்.

அப்பாவுக்கு வேர்க்குது. நீ ஊது. ஊஃப். ஆ, ஜில்லுனு இருக்கு.

(ஊதச் சொன்னால் அவள் உதட்டைக் குவிப்பாள். சத்தியமாகக் குவிப்பாள். கேட்டுத்தான் குவிக்கிறாள் என்று எனக்கு அன்று முழுக்கக் கால் தரையில் நிற்கவில்லை. நான் செய்ததைப் பார்த்துச் செய்திருக்கிறாள்.)

வாயத் திற. அம்மா ஊட்டறா பாரு. துப்பக் கூடாது. துப்பினா அப்பா அழுவேன். இதோ அழறேன். ம்ம்ம்.

தூக்கம் வருதா? அப்பாவுக்கும் வருது. சூப்பர்வைசர் பூனை வருது, கண்ண மூடாதே.

அப்பா வந்துடுவேன். வந்தவுடனே உன்னைத் தூக்கி மேல போடுவேன், பிடிப்பேன். பயப்படக் கூடாது. அப்பா பிடிச்சுடுவேன்.

இன்னும் எவ்வளவோ சொல்லுவேன். உன்னைப் பற்றியும் சொல்லியிருக்கிறேன். அதை எழுதினால் நீ சண்டைக்கு வருவாய்.

நான் வந்தபோது அவளைத் தூக்கி மேலே போடப் போனேன். அவள் கத்தினதும் எனக்கு, இவ்வளவு தரம் சொல்லியும் பயப்படுகிறாளே என்றுதான் கோபம் வந்தது. யாரோ ஓர் ஆள் வந்து தன்னைத் தூக்கி எறிகிறான் என்றல்லவா அவளுக்கு இருந்திருக்கும்.

உன் மேல் கோபம் இருக்கிறது. போகும். மெதுவாகத்தான் போகும். அவசரப்படுத்தாதே.

நான்


ஜூன் 2

சுண்டுவின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் மடிப்பில் கிழிந்துவிட்டது. பின்பக்கம் காலர்த் துணி வைத்துத் தைத்திருக்கிறேன். இனிமேல் பார்க்கத் தேவையில்லை, மனப்பாடம்.

தினமும் தரையில் உட்கார்ந்து சொல்கிறேன். "அப்பா பெரிய துணி எடுத்துட்டேன் பாரு." அவளுக்கு ஒரு முனை, எனக்கு ஒரு முனை. மடிக்கிறோம். "டப்பு டப்பு" என்று நிறுத்துகிறேன். டீச்சர் சொன்ன மாதிரி காத்திருக்கிறேன். முதலில் உதட்டை மட்டும் ஆட்டினாள். நான் அவள் கையை எடுத்து என் தொண்டையில் வைத்துச் சொன்னேன். அது டீச்சர் சொன்ன வழி. தொண்டை அதிர்வதைத் தொட்டுப் பார்த்துக் கையை இழுத்துக்கொண்டாள். பிறகு அவளே வந்து வைத்தாள். பிறகு தன் தொண்டையில் வைத்துப் பார்த்தாள். அங்கே ஒன்றும் இல்லை. என்னைப் பார்த்தாள். ஏமாந்த முகம். அந்த முகத்தை நான் எங்கே கொண்டு போய் வைப்பேன்.

ஒரு நாள் காலர் மூட்டை சரிந்து விழுந்தது. "டப்" என்றாள். நான் மூட்டையை அப்படியே விட்டுவிட்டேன். காலர் எடுக்க வந்த கடைக்காரர், "என்னம்மா, காலர் பூரா தரையில கிடக்குது, அழுக்காயிடுச்சு" என்று கத்தினார். "என் பொண்ணு பேசிட்டா அண்ணே" என்றேன். "என்ன பேசினா?" "டப்." அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, "சரி சரி, தொவைச்சுக் குடு" என்று போய்விட்டார்.

இப்போது சத்தம் வருகிறது. தண்ணீர் வேண்டுமென்றால் "ண்ணி" என்கிறாள். பேர் சொல்லிக் கூப்பிட்டால் சில நேரம் திரும்புகிறாள், சில நேரம் இல்லை.

டாக்டரிடம் போனோம். நல்ல முன்னேற்றம்தான் என்றார். நான் கேட்டேன், "அப்போ போன்தானே டாக்டர்? வேற ஒண்ணும் இல்லையே?" "போனை எடுத்தது நல்லது. ஆனா எல்லாம் போனால வந்ததுன்னு எனக்கு இப்பவும் தோணலம்மா. இவளுக்கு நிறைய வருஷம் துணை தேவைப்படலாம்" என்றார். சோதனைகள் இருக்கின்றன. இதற்கு என்ன பேர் என்று அவர் இன்னும் சொல்லவில்லை.

வெளியே வந்து ஆஸ்பத்திரிப் படியில் உட்கார்ந்து அழுதேன். நடுவில் ஒரு நிமிடம் மனசு லேசாகவும் ஆனது. அப்படியென்றால் எல்லாம் நம்மால் இல்லையே என்று. உடனே அது எவ்வளவு கேவலமான நிம்மதி என்று தோன்றி, மறுபடி அழுதேன். இவள் பக்கத்தில் உட்கார்ந்து என் முந்தானையை மடித்துக்கொண்டிருந்தாள்.

சுண்டுவின் அம்மா


ஜூன் 20

சுண்டுவின் அம்மாவுக்கு,

நான் வருகிறேன். லீவுக்கு இல்லை, மொத்தமாக. ஒப்பந்தம் முடியுமுன் போனால் மறுபடி எடுக்க மாட்டோம் என்றார் சூப்பர்வைசர். சரி என்றேன். "ஊர்ல போய் என்ன பண்ணுவே?" என்றார். "துணி மடிப்பேன்" என்றேன். கிண்டல் பண்ணுகிறேன் என்று நினைத்துக்கொண்டார்.

பல வருஷம் துணை வேண்டும் என்றால் நீ ஒருத்தி எப்படித் தாங்குவாய்? அந்தப் படியில் நீ தனியாக உட்கார்ந்திருந்ததைப் படித்த பிறகு இங்கே எனக்குக் கை ஓடவில்லை.

ஆகஸ்ட் தொடக்கத்தில் வந்துவிடுவேன். அதற்கு முன் பதில் போடு. ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். மறைக்காதே. எல்லாம் எழுதியிருக்கிறாய், இதைப் பற்றி மட்டும் எழுதவில்லை. அவள் அப்பா என்று சொல்கிறாளா?

நான்


ஜூலை 6

சுண்டுவின் அப்பாவுக்கு,

வாருங்கள். வேலையைப் பற்றி வந்த பிறகு பார்ப்போம்.

வருவதற்கு முன்னால் சிலதைச் சொல்லிவிடுகிறேன். வாசலில் நின்று கையை நீட்டாதீர்கள். உள்ளே வந்து ஓரமாகத் தரையில் உட்காருங்கள். அவளைப் பார்க்காத மாதிரி ஏதாவது செய்துகொண்டிருங்கள். வருவாள். ஒரே நாளில் வரமாட்டாள். தூக்க வேண்டாம். உங்கள் குரல் அவளுக்குப் புதுசு, மெதுவாகப் பேசுங்கள். இரைச்சலுக்கு மேலே கத்திக் கத்தி உங்களுக்கு மெதுவாகப் பேசுவது மறந்திருக்கும். வழியெல்லாம் பழகிக்கொண்டு வாருங்கள். போனைச் சட்டைப் பையில் வைக்காதீர்கள், நேரே மாடிக்குக் கொடுத்துவிடுங்கள்.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். மறைத்தேன். நிஜம்தான்.

சொல்கிறாள். மே மாதத்தில் இருந்தே சொல்கிறாள். தெளிவாக, இரண்டு உதட்டையும் அழுத்தி, அப்பா என்று சொல்கிறாள். வேறு எந்த வார்த்தையும் அவளுக்கு இவ்வளவு சுத்தமாக வரவில்லை.

என்னைத்தான் அப்படிக் கூப்பிடுகிறாள்.

உங்கள் வார்த்தையைத் திருத்தாமல் நீங்கள் சொன்ன மாதிரியே சொல்ல வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தேன். அப்பா மடிக்கறேன், அப்பாவுக்கு வேர்க்குது, அப்பா அழுவேன், இதோ அழறேன். நாள் பூராவும் எதிரில் உட்கார்ந்து அப்பா, அப்பா என்று சொல்கிற ஆள் நான். அவள் வேறு என்ன நினைப்பாள்? முதல் தரம் அவள் என் முகத்தைப் பிடித்துத் திருப்பி "அப்பா" என்றபோது உங்களுக்குத்தான் முதலில் எழுத வேண்டும் என்று பேப்பரை எடுத்தேன். எழுதியிருந்தால் நீங்கள் சந்தோஷப்பட்டிருப்பீர்கள், யாரைச் சொன்னாள் என்று எழுதாமல் விட்டால். அது முடியவில்லை. முழுசாக எழுதவும் மனசு வரவில்லை.

டீச்சரிடம் அழுதேன். "திருத்தாதீங்கம்மா. இப்பதான் பேசினா பதில் வரும்னு அவ நம்பறா. இந்த நேரத்துல இல்லைன்னு சொல்லிடாதீங்க. அவங்க அப்பா வந்து கூட இருக்கட்டும், மெதுவா மாறும்" என்றாள். மாறுமா, எப்போது மாறும் என்று அவளும் சொல்லவில்லை.

அம்மா என்று அவள் யாரையும் சொல்வதில்லை. அதைப் பற்றி எனக்கு ஒன்றுமில்லை. பொய். இருக்கிறது. ஆனால் உங்களுக்கு வரப்போகிற வருத்தத்துக்கு முன்னால் இது பெரிதில்லை.

நீங்கள் வந்து அந்த ஓரத்தில் உட்கார்ந்திருப்பீர்கள். அவள் உங்களைத் தாண்டி என்னிடம் வந்து அப்பா என்பாள். வாசலில் வந்து நின்று அதை முதல்முதலாகக் கேட்கக் கூடாது என்றுதான் எழுதுகிறேன். விமானமோ ரயிலோ எதில் வந்தாலும், வரும் வழியிலேயே அழுது முடித்துவிட்டு வாருங்கள். அவள் எதிரில் வேண்டாம்.

என்னையும் பார்க்காதீர்கள் அப்போது. நான் பதில் சொல்லாமல் இருக்க மாட்டேன். எவ்வளவு நாள் அவள் கூப்பிட்டும் சத்தம் இல்லாமல் போனது. இப்போது கூப்பிடுகிறாள். எந்தப் பேராக இருந்தால் என்ன, பிள்ளை கூப்பிட்டால் நான் திரும்பித்தானே ஆக வேண்டும்.

சுண்டுவின் அம்மா